தீப்பெட்டி அரிசியும் ஒரு பள்ளி வாத்தியாரும்

இந்த இதழில் நான் வழக்கமாக எழுதுவது வத்தல் வரத்து, பல்லாரி விலை, வரிக் கணக்கு இவற்றைப் பற்றித்தான். இம்முறை கடைக் கணக்கை விட்டுவிட்டு வேறு ஒரு கணக்கை எழுதலாம் என்று தோன்றியது. வியாபாரிகள் படித்தால் விளங்கிக்கொள்ளக் கூடிய கணக்குதான்.

2024 ஏப்ரல் 16ம் தேதி இலங்கையில் ஏ.டி. ஆரியரத்ன என்ற பெரியவர் தமது 92ம் வயதில் காலமானார். செய்தித்தாளில் அதைப் படித்ததும் பழைய பெட்டியைத் திறந்து ஒரு கடிதத்தைத் தேடினேன். 1983ல் எங்கள் தகப்பனாருக்கு வந்த கடிதம். காகிதம் பழுத்துவிட்டது. எழுத்து இன்னும் தெளிவாக இருக்கிறது.

எங்கள் தகப்பனார் தூத்துக்குடியில் பல்லாரி, வத்தல் மொத்த வியாபாரம் செய்தவர். தோணியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்புவோம். அங்கே புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் எங்கள் சரக்கை எடுத்து விற்றுக் கொடுத்தவர் ஒரு பருத்தித்துறைக்காரர். கணக்கில் ஒரு காசு பிசகாதவர். 1983 ஜூலைக் கலவரத்தில் அவர் கடையையும் வீட்டையும் எரித்துவிட்டார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு உடுத்திய துணியுடன் ஒரு பள்ளிக்கூட முகாமில் போய் ஒதுங்கினார். பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்கு ஏற்றி அனுப்பப்பட்டார். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு எழுதிய கடிதம்தான் அது.

"அன்புள்ள அண்ணாச்சிக்கு" என்று தொடங்கி, தோணிச் சரக்குப் பணத்தை இப்போது அனுப்ப இயலாது என்று மன்னிப்புக் கேட்டிருந்தார். அதற்குக் கீழே முகாமைப் பற்றிச் சில வரிகள். சர்வோதயம் என்ற இயக்கத்துச் சிங்களப் பிள்ளைகள் வந்து அடுப்பு மூட்டிச் சமைத்தார்களாம், கக்கூசுக்குக் குழி வெட்டினார்களாம். இரண்டாம் நாள், முகாமில் இருந்த எங்கள் ஆட்களையும் கூப்பிட்டு ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுத்தார்களாம். இவர் புறக்கோட்டை வியாபாரி என்று தெரிந்ததும், வரும் மூட்டைகளையும் செலவாகும் மூட்டைகளையும் எழுதிவைக்கும் பொறுப்பை இவரிடம் விட்டார்களாம்.

அதைப் படித்துவிட்டு எங்கள் தகப்பனாருக்குக் கோபம் வந்தது. "வீடு எரிஞ்சு வந்தவன்கிட்டயா வேலை வாங்குறது?" என்றார். எனக்கு அப்போது 24 வயது. எனக்கும் அது அநியாயமாகத்தான் பட்டது. ஆனால் கடிதத்தில் அடுத்த வரி வேறு மாதிரி இருந்தது. அதை அன்று நாங்கள் சரியாகப் படிக்கவில்லை. அந்த வரிக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தச் சர்வோதயக்காரர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆரியரத்ன காலிக்குப் பக்கத்தில் உனவட்டுன என்ற கடற்கரை ஊரில் 1931ல் பிறந்தவர். கொழும்பில் நாளந்தா கல்லூரியில் ஆசிரியர். கல்லூரி என்றதும் நம் ஊர்க் கல்லூரி என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே பெரிய பள்ளிக்கூடங்களைக் கல்லூரி என்றே சொல்வார்கள். 1958 டிசம்பரில் அவர் தம் மாணவர்களையும் சில ஆசிரியர்களையும் கூட்டிக்கொண்டு குருநாகல் மாவட்டத்தில் கனத்தொலுவ என்ற குக்கிராமத்துக்குப் போனார். அங்கே இருந்தவர்கள் ரொடியர் என்னும் சாதியினர். அந்த நாட்டில் எல்லாருக்கும் கீழாக ஒதுக்கப்பட்டு, பிச்சையெடுத்துப் பிழைக்கும்படி தள்ளப்பட்டவர்கள். பட்டணத்துப் பிள்ளைகள் அவர்கள் குடிசைகளிலேயே தங்கினார்கள். அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கிணறு வெட்டினார்கள், கக்கூசு கட்டினார்கள், தோட்டம் போட்டார்கள். வெட்டும்போது ஊர்க்காரர்களும் கூடவே மண்வெட்டி பிடித்தார்கள். அங்கே வெட்டிய கிணற்றைவிடச் சேர்ந்து சாப்பிட்டதுதான் பெரிய காரியம் என்பது அடியேன் கருத்து.

அந்த முகாம் வருடா வருடம் நடந்தது. வேறு பள்ளிகளும் சேர்ந்தன. அதற்குச் 'சிரமதானம்' என்று பேர் வைத்தார்கள். நமக்குச் சிரமம் என்றால் கஷ்டம். அங்கே அது உழைப்பு. உழைப்பைத் தானம் கொடுப்பது. சர்வோதயம் என்ற சொல் காந்தியடிகள் கொடுத்தது. எல்லாருடைய நலம் என்று அவர் பொருள் கொண்டார். ஆரியரத்ன அதையே எல்லாருடைய விழிப்பு என்று பௌத்த முறையில் பொருள் சொன்னார். அவர் இந்தியாவுக்கு வந்து வினோபா பாவேயையும் பார்த்துப் போனவர். 1969ல் காந்தி நூற்றாண்டை ஒட்டி 100 கிராமங்களை எடுத்து வேலை செய்தார்கள். அதே 1969ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 1972ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இலங்கை ஜாதிக சர்வோதய சிரமதான சங்கம் என்று பதிவானது. பிறகு அது 15,000 கிராமங்கள் வரை பரவியது என்கிறார்கள். சின்ன நாடு அது. நம் தமிழ்நாட்டில் பாதிப் பரப்புதான்.

ஒரு வாத்தியார் தனியாக இதைச் செய்திருக்க முடியுமா? முடியாது. அவர் மனைவி நீதா அம்மையார் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, இயக்கத்து வேலையிலும் கூடவே நின்றார். மகன் விண்யா டாக்டருக்குப் படித்தவர். 2000 வாக்கில் நிர்வாகப் பொறுப்பை ஏற்றுப் பின்னர் தலைவரும் ஆனார். இவர்கள் பேர் வெளியே தெரியும். பேர் தெரியாதவர்கள்தான் அதிகம். ஊர் ஊராக மண்வெட்டி எடுத்துப் போன மாணவர்கள், விகாரையில் இடம் கொடுத்த பிக்குகள், எல்லாருக்கும் மேலாகக் கிராமத்துப் பெண்கள். பள்ளிக்குப் போகும் வயது வராத குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ள, அந்தந்த ஊரில் ஒரு பெண்ணையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அவளுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். பல கிராமங்களில் அந்த ஒரு பெண்தான் சர்வோதயம்.

வேலை நடக்கும் முறையைச் சொல்கிறேன். சங்கத்து ஆட்கள் நேரே மண்வெட்டியோடு போய் இறங்குவதில்லை. முதலில் ஊரைக் கூட்டி, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள். ரோடா, குளத்துக்கரையா, கிணறா? ஊர் முடிவு செய்தபின் நாள் குறிக்கிறார்கள். வெளியூர் ஆள் எத்தனை பேர் வந்தாலும் ஊர்க்காரர்களும் இறங்கி வேலை செய்ய வேண்டும். சாப்பாடு ஊர்ப் பொறுப்பு. காலையும் மாலையும் எல்லாரும் ஒரு குடும்பம்போல் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். சாதி, பதவி, பட்டம் சொல்லிக் கூப்பிடக் கூடாது. அக்கா, மல்லி, நங்கி என்று முறை வைத்துத்தான் கூப்பிட வேண்டும். அக்கா நம்முடைய அக்காதான். மல்லி என்றால் தம்பி, நங்கி என்றால் தங்கச்சி. கொத்தமல்லி வியாபாரம் செய்யும் எனக்கு முதன்முதலில் கேட்டபோது சிரிப்புத்தான் வந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிங்களவர்கள் கடைக்காரரை 'முதலாளி' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நம் சொல்தான். அந்த முதலாளியிடம் கடனுக்குச் சாமான் வாங்கி, அறுவடையில் அவர் சொன்ன விலைக்கு நெல்லை அளந்துவிட்டு நிற்பவர்கள் கிராமத்தில் நிறைய. சர்வோதயம் பிற்காலத்தில் ஊருக்கு ஊர் சேமிப்புச் சங்கம் வைத்துச் சிறு கடன் கொடுக்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். நம்மவர்களுக்குக் கொஞ்சம் உறைக்கும். இருந்தாலும் உண்மையை எழுதத்தான் வேண்டும்.

இப்போது தீப்பெட்டிக்கு வருகிறேன். ஊரில் பொதுச் சமையல் நடக்கும்போது ஏழைப் பிள்ளையும் வெறுங்கையோடு வரக் கூடாது என்று ஒரு வழக்கம் வைத்தார்கள். ஒரு தீப்பெட்டி நிறைய அரிசி கொண்டு வந்தால் போதும். அதுவும் இல்லாத வீடா? ஒரு வெற்றிலை கொண்டு வரட்டும். காலித் தீப்பெட்டியில் அரிசியை நிரப்பி எங்கள் கடைத் தராசில் போட்டுப் பார்த்தேன். 12 கிராம் நின்றது. 200 பிள்ளைகள் கொண்டு வந்தால் ஒரு நாளைக்கு 2 கிலோ 400 கிராம். மாதத்துக்கு 72 கிலோ. நம் கணக்கில் 25 கிலோ சிப்பம் ஏறக்குறைய மூன்று. கல்லாவில் உட்கார்ந்து பார்த்தால் மூன்று சிப்பம் ஒரு பெரிய விஷயமே அல்ல. நம்மில் ஒருவர் போன் போட்டால் அரை மணியில் இறங்கிவிடும். பிறகு எதற்கு இந்தத் தீப்பெட்டி வேலை?

இதை நான் அவர்களிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை. நம் பெரியவர்களுக்கே தெரிந்திருந்தது. விருதுநகரில் வியாபாரிகள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைத்தார்கள். 1889ல் ஆரம்பித்த சத்திரிய வித்தியாசாலைப் பள்ளி அப்படி வளர்ந்ததுதான். காமராஜர் படித்த பள்ளி. மகமையோடு நின்றிருந்தால் அது முதலாளிமார் பள்ளியாக இருந்திருக்கும். பிடியரிசி போட்டதால் ஒவ்வொரு வீட்டுக்காரியும் அது தன் பள்ளி என்றாள். இலங்கையில் தீப்பெட்டி செய்ததும் அதுதான்.

எல்லாம் நல்லபடியே நடந்தது என்று சொல்ல மாட்டேன். வாங்கிய அடிகளையும் எழுத வேண்டும்.

1983 கலவரத்துக்குப் பிறகு ஆரியரத்ன, தெற்கே கதிர்காமத்திலிருந்து வடக்கே நாகதீபம் வரை, அதாவது நம் நயினாதீவு வரை, சமாதான நடைப்பயணம் போகிறேன் என்று அந்த டிசம்பரில் புறப்பட்டார். ஜனாதிபதி ஜெயவர்த்தனே கேட்டுக்கொண்டதால் தொடங்கிய வேகத்திலேயே அது நின்றுபோனது. பிரேமதாசா ஜனாதிபதியாக இருந்தபோது 1990ல் தொண்டு நிறுவனங்களை விசாரிக்க ஓர் ஆணைக்குழு போட்டார்கள். சர்வோதயம் பல நெருக்கடிகளுக்கு ஆளானது. தமிழர்கள் மத்தியிலும் ஒரு குறை உண்டு. இது பௌத்த வாசனை அடிக்கும் இயக்கம், நம் கஷ்டத்தை முழுதாக உணராது என்பார்கள். அந்தக் குறையில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நடைப்பயணங்களும் தியானக் கூட்டங்களும் போரை நிறுத்தவில்லை. அது 2009 வரை ஓடிற்று.

இவை வெளியிலிருந்து வந்த அடி. உள்ளுக்குள் விழுந்த அடி வியாபாரிகள் கவனிக்க வேண்டியது. 1970, 80-களில் வெளிநாட்டு நிறுவனங்கள் நிறையப் பணம் கொடுத்தன. நெதர்லாந்தின் நோவிப் அவற்றில் முக்கியமானது. கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரு கூட்டணி அமைத்து, பணத்தோடு நிபந்தனைகளும் கொடுத்தார்கள். இத்தனை கிராமம், இத்தனை அறிக்கை, இத்தனை மேற்பார்வையாளர் என்று கேட்டார்கள். சம்பளத்துக்கு ஆட்கள் பெருகினார்கள். தீப்பெட்டியில் ஆரம்பித்த இயக்கத்தில் ஜீப் வண்டிகளும் கணக்குப் பிரிவுகளும் வந்தன. 1990-களில் அந்த உதவி பெருமளவு குறைந்ததும் ஊழியர்களைக் குறைக்க வேண்டி வந்தது. கடன் முதலில் கடையைப் பெரிதாக்கி, பேங்க்காரன் பிடியை இறுக்கியதும் திணறுகிறவர்களை நம் பஜாரிலேயே பார்த்திருக்கிறோம். சொந்த முதல் எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும். சர்வோதயத்துக்குச் சொந்த முதல் இருந்தது. கிராமத்துப் பெண்களும் மண்வெட்டி பிடித்தவர்களும்தான் அது. அதனால்தான் விழுந்துவிடாமல் நின்றது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது கடற்கரைக் கிராமங்களில் வெளி உதவி வரும் முன்பே அவர்களால் வேலை தொடங்க முடிந்தது. ஆட்கள் ஏற்கெனவே அங்கேயே இருந்தார்கள் அல்லவா!

1996ல் நம் இந்திய அரசு ஆரியரத்னவுக்குக் காந்தி அமைதிப் பரிசு கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே பெற்றார். இரண்டாவது பரிசு இவருக்கு. ஒரு கோடி ரூபாய்ப் பரிசு அது. நம் பத்திரிகைகளில் அப்போது மூலையில் நாலு வரி வந்ததாக ஞாபகம். எங்கள் தகப்பனார் அதைப் படித்துவிட்டு, "நம்ம பருத்தித்துறைக்காரருக்கு வேலை கொடுத்தவங்க" என்று மட்டும் சொன்னார். கோபம் ஆறியிருந்தது. ஏன் ஆறியது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எனக்குப் புரிந்தது 2023 டிசம்பரில்தான். 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 செ.மீ.க்கு மேல் பதிவானது. தண்ணீர் கொஞ்சம் வடிந்ததும் நாங்கள் சில வியாபாரிகள் சேர்ந்து, அரிசி, பருப்பு, எண்ணெய், பிஸ்கட் எல்லாம் பை போட்டுக் கட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். நல்ல எண்ணம்தான். ஒரு தெருமுனையில் லாரியை நிறுத்தித் தார்ப்பாயை விலக்கினோம். அவ்வளவுதான். நூறு கைகள் நீண்டன. பின்னால் இருந்த கிழவி முன்னால் வர முடியவில்லை. வலுத்தவன் மூன்று பை எடுத்தான். ஒரு பை கிழிந்து பருப்பு சேற்றில் கொட்டியது. எங்களில் ஒருவர் கோபத்தில் கத்தினார், கீழே இருந்தவர்களும் கத்தினார்கள். லாரி மேல் நின்றுகொண்டிருந்த எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் கடையில் பல வருடம் பாக்கி வைக்காமல் சாமான் வாங்கிய ஒருவர் அந்தக் கூட்டத்தில் நின்றார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன்பின் கடைக்கு அவர் வரவில்லை.

அடுத்த தெருவில் வேறு மாதிரி நடந்தது. நான்கைந்து பெண்கள் லாரியை மறித்து, "அண்ணாச்சி, பை எல்லாம் வேண்டாம். மூட்டையா இறக்கிப் போடுங்க. அண்டா மட்டும் கொடுங்க. நாங்க பொங்கிக்கிடுதோம்" என்றார்கள். மாடிவீடு ஒன்றில் அடுப்பு வைத்தார்கள். இளவட்டங்கள் விறகுக்கு அலைந்தார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் நோட்டில் வீடு வாரியாக எழுதினார். ஒரு வீடும் விட்டுப்போகவில்லை. ஐந்து நாள் அந்தத் தெரு சாப்பிட்டது. நாங்கள் கொடுத்தது ஒரே தடவை மூட்டையும் இரண்டு அண்டாவும். ஆறாம் நாள் மீதி அரை மூட்டை அரிசியையும் அண்டாக்களையும் துலக்கித் திருப்பி அனுப்பினார்கள். அரை மூட்டை திரும்பி வந்த நிவாரணத்தை நான் என் ஆயுளில் அப்போதுதான் பார்த்தேன்.

அன்று இரவு அந்தக் கடித வரி நினைவுக்கு வந்தது. ஆனாலும் பெட்டியைத் திறந்து எடுத்துப் பார்த்தது ஆரியரத்ன இறந்த செய்தி வந்த பிறகுதான். முகாமில் மூட்டைக் கணக்கு எழுதும் பொறுப்பைக் கொடுத்தார்கள் என்று எழுதிய பருத்தித்துறைக்காரர், அடுத்த வரியில் இப்படிச் சொல்லியிருந்தார்: "நாலு நாளாகப் பிச்சைக்காரனாக வரிசையில் நின்றேன் அண்ணாச்சி. அன்றைக்குப் பென்சிலைக் கையில் வாங்கிய பிறகுதான் நான் வியாபாரி என்பது எனக்கு ஞாபகம் வந்தது."

தோணிச் சரக்குப் பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வரவில்லை. எங்கள் தகப்பனார் பேரேட்டில் அந்தப் பக்கத்தை அடித்துவிடவும் இல்லை, வாராக்கடன் என்று எழுதவும் இல்லை. வருடா வருடம் புதுக் கணக்கு போடும்போது அந்தப் பேரை அடுத்த பேரேட்டுக்குக் கொண்டுவந்து எழுதுவார். அவர் காலத்துக்குப் பிறகு நானும் எழுதிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் வந்தபின் என் மகன்தான், "இது எதுக்குப்பா?" என்று கேட்டு நிறுத்தினான்.

வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் நம் சங்கம் ஒரு காரியம் செய்யலாம் என்று செயலாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த செயற்குழுவில் வைப்பதாகச் சொன்னார். ஒவ்வொரு தெருவிலும் பொங்கிப் போடக்கூடிய நாலு பெண்கள் யார், அடுப்பு வைக்க மேடான இடம் எது, நோட்டு எழுதுகிறவர் யார் என்று இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அவர்களையே கேட்க வேண்டும், நாமாகப் பேர் எழுதக் கூடாது. மழை வந்தால் பை கட்டும் வேலை வேண்டாம், மூட்டையாக இறக்கிவிடலாம். அண்டா இரண்டு என் கடையில் இருக்கிறது. பாத்திரக்கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் இன்னும் பத்துப் பன்னிரண்டு அண்டாவுக்கு ஏற்பாடு செய்தால் போதும்.